60 மில்லிலிட்டர் இரத்தம்: பினாங்கில் ஒரு கழுத்து அறுவைச் சிகிச்சை பற்றிய மதிப்பீடு

அரசாங்க மருத்துவமனை ஒன்றின் இரத்த வங்கியில் 22 ஆண்டுகள் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஒரு மருத்துவமனையை மதிப்பிடும்போது வரவேற்பறையின் பளிங்குத் தரையும், அறைச் சன்னலில் தெரியும் கடலும், காலையில் வரும் நாசி லெமாக்கின் சுவையும் என் கண்ணில் பிந்தித்தான் படும். நோயாளியின் உடலிலிருந்து எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறியது, அதைத் தடுக்க யார் என்ன செய்தார்கள், எதைச் செய்ய மறந்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கடந்த ஆண்டு என் அக்காவுக்குப் பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தைராய்டுச் சுரப்பியை முழுவதுமாக அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. பாராட்ட நிறைய இருந்தாலும் இரண்டு குறைகள் கனமானவை. அவற்றைக் குறித்து நான் கொடுத்த புகார்க் கடிதம் இன்னும் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு வயது 61. பட்டர்வொர்த்தில் வசிக்கிறார். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. இரண்டும் ஓரளவு கட்டுக்குள் இருப்பவை. கழுத்தில் கழலை தோன்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வலியில்லாததால் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். இடப்பக்கக் கட்டி ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் வளர்ந்து மூச்சுக்குழாயை வலப்பக்கம் தள்ளியிருந்தது. ஊசியால் எடுத்த மாதிரியில் புற்றுநோய் அறிகுறி இல்லை. இருந்தாலும் சுரப்பியை எடுத்துவிடுவதே நல்லது என்று அறுவை மருத்துவர் சொன்னார்.

கழுத்தில் கத்தி வைப்பது வயிற்றில் வைப்பதைப் போன்றதன்று. தைராய்டு 20 கிராம் அளவுள்ள சிறிய உறுப்பு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிகமாக இரத்தம் பாயும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. மேலிருந்து வெளிக் கழுத்துத் தமனியின் கிளை ஒன்றும், கீழிருந்து காரை எலும்புக்கு அடியில் ஓடும் தமனியின் வழிவந்த கிளை ஒன்றும் இரு பக்கமும் வந்து சேர்கின்றன. பெரிய கழலையில் இவை தடித்துப்போயிருக்கும். சிரைகள் புடைத்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரத்தப்பெருக்குக்கு அஞ்சி இந்த அறுவையைத் தொடவே பலர் மறுத்தனர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடோர் கோக்கர் என்னும் அறுவை மருத்துவர், ஒவ்வொரு குழாயாக இடுக்கிப் பிடித்துக் கட்டி, அவசரப்படாமல் செய்யும் முறையால் இறப்பு விகிதத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கினார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று தைராய்டு அறுவையில் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை அரிதாகத்தான் வருகிறது. அப்படியிருக்க இரத்த இழப்பைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இங்கே சிக்கல் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. குரலுக்கு உயிர் கொடுக்கும் நரம்பு நூல் போன்ற மெல்லிய இழையாகச் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டி ஓடுகிறது. சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு துணைத் தைராய்டுச் சுரப்பிகள் பச்சரிசி மணி அளவில் கொழுப்போடு கொழுப்பாகக் கிடக்கின்றன. ஒரு தேக்கரண்டி இரத்தம் அந்தக் குழியில் தேங்கினால் போதும், நரம்பு எது, நார் எது என்று தெரியாமல் போய்விடும். கழுத்து அறுவையில் இரத்தத்தைச் சேமிப்பது என்றால் முதலில் பார்வையைச் சேமிப்பது என்றே பொருள்.

இனிக் குறைக்கு வருகிறேன். மருத்துவமனையின் அனுமதிக்கு முந்தைய பிரிவில் அக்காவிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த அந்தப் படிவத்தில் "தற்போது உட்கொள்ளும் மருந்துகள்" என்று ஒரே ஒரு வரி. அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்; மலாய் பேசுவார், படிவம் நிரப்பும் அளவுக்கு எழுதமாட்டார். அன்று நான் உடன் செல்லவில்லை. பணியாளர் வாய்மொழியாகக் கேட்டு, இரத்த அழுத்த மாத்திரையையும் நீரிழிவு மாத்திரையையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். அக்கா எட்டு ஆண்டுகளாகத் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் விழுங்கிவருவதை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நேரடி விற்பனையில் கொண்டுவந்து கொடுத்த பூண்டு வில்லைகளையும் மீனெண்ணெய் வில்லைகளையும் பற்றியும் பேச்சில்லை. பின்னர் நான் கடிந்துகொண்டபோது, "அதெல்லாம் மருந்தில்லையே தம்பி, சத்து மாத்திரை மாதிரிதானே?" என்றார். அவர்மீது நான் குறை சொல்லமாட்டேன். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்குவதை மருந்தென்று எண்ணாதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதைத் தோண்டிக் கேட்பதற்காகவே அந்தப் பிரிவு இருக்கிறது. அதற்காகத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

அதே நாளில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 10.4 கிராம் என்று வந்திருக்கிறது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இருந்தது. அதையும் கோப்பில் செருகி வைத்துவிட்டார்கள். இரண்டு தவறுகளும் ஒரே மேசையில் நடந்தவை.

இரண்டையும் பிடித்தவர் மயக்கவியல் நிபுணர். அறுவைக்கு முந்தைய நாள் மாலை, அக்கா வார்டில் சேர்ந்து இரவு உணவும் முடித்த பிறகு வந்தார். மலாய்க்கார அம்மையார், ஐம்பது வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்டில் மாத்திரைகளை எதில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அக்கா, "மைலோ டின்னில்" என்றார். டின்னில் என்னென்ன இருக்கின்றன, எந்த நிறம், எப்போது சாப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஐந்தே நிமிடத்தில் ஆஸ்பிரினை வெளியே கொண்டுவந்தார். இதைப் போன்ற கேள்வியை நான் பணியிலிருந்த காலத்தில்கூட அதிகம் கேட்டதில்லை. பிறகு ஹீமோகுளோபினைப் பார்த்தார். மறுநாள் காலை நடக்க வேண்டிய அறுவை தள்ளிவைக்கப்பட்டது.

ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் திறனை நிரந்தரமாக முடக்குகிறது. முடங்கிய தட்டணு மீளாது, அதன் ஆயுள் முடிந்து புதியது பிறக்க வேண்டும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அதனால்தான் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களோ பக்கவாதம் வந்தவர்களோ இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு நிறுத்துவதால் வரும் ஆபத்து இரத்தக்கசிவைவிடப் பெரியதாக இருக்கலாம். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லாததால் நிறுத்தினார்கள். பூண்டு வில்லையையும் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். மீனெண்ணெயைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் அச்சத்துக்கு ஆதாரம் பலவீனமானது. ஆனாலும் சேர்த்தே நிறுத்தச் சொன்னது முன்னெச்சரிக்கை என்ற அளவில் சரிதான்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவு வந்தால் அதை மாத்திரையால் மூடிவிடக் கூடாது, இரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். தேடினார்கள். உள்நோக்கியில் இரைப்பையின் உட்சுவரில் சிறு அரிப்புகள் தெரிந்தன, குடலில் ஒன்றுமில்லை. எட்டு ஆண்டு ஆஸ்பிரினின் வேலை அது. அறுவைக்காகத் தோண்டப்போய் வேறொரு கசிவைக் கண்டுபிடித்தது அக்காவின் நல்ல காலம். சிரை வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 12.3க்கு உயர்ந்தது.

இந்த 1.9 கிராம் வித்தியாசம் என்ன செய்யும் என்பதை இரத்த வங்கிக்காரன் கணக்கில் சொல்கிறேன். பெண்களின் உடலில் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிலிட்டர் இரத்தம் என்று வைத்தால், 58 கிலோ எடையுள்ள அக்காவுக்கு ஏறத்தாழ 3,770 மில்லிலிட்டர். ஹீமோகுளோபின் 8க்கு இறங்கும்வரை இரத்தம் ஏற்றாமல் சமாளிக்கலாம் என்று கொண்டால், 10.4இல் தொடங்குபவர் 870 மில்லிலிட்டர் வரை இழக்கலாம், 12.3இல் தொடங்குபவர் 1,300 மில்லிலிட்டருக்கும் மேல் இழக்கலாம். அதாவது முன்னேற்பாடாக ஏற்றிய இரும்புச்சத்து, ஒரு பை இரத்தத்துக்கு இணையான இடைவெளியை அவர் உடலிலேயே உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. அடுத்தவர் இரத்தத்தைத் தேடுவதைவிட நோயாளியின் சொந்த இரத்தத்தைப் பெருக்கிக் காப்பதே முதல் வழி என்ற கொள்கையை உலகச் சுகாதாரப் பேரவை 2010இலேயே தீர்மானமாக ஏற்றிருக்கிறது. அதை ஒரு பெண்மணியின் உடலில் செய்துகாட்டிய வகையில் மயக்கவியல் பிரிவுக்கு முழு மதிப்பெண்.

இரத்த வங்கிக்கு அனுப்பிய கோரிக்கைத் தாளையும் நான் பார்க்கக் கேட்டேன். பழைய பழக்கம் விடவில்லை. "ஜி.எஸ்.எச்." என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். இரத்த வகையைக் கண்டுபிடித்து, பிறர் இரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்து, மாதிரியை வைத்திருங்கள் என்பது அதன் பொருள். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு பைகளைப் பொருத்தி ஒதுக்கிவைக்கச் சொல்லும் மருத்துவர்களோடு நான் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன். ஒதுக்கிய பை அலமாரியில் தூங்கும். அதே நேரத்தில் பிரசவ வார்டில் ஒருத்திக்கு அதே வகை தேவைப்படும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இரத்தம் பெரும்பாலும் அரசாங்க இரத்த வங்கிகளிலிருந்தே போகிறது என்பதையும், நோன்பு மாதத்திலும் சீனப் புத்தாண்டு விடுமுறையிலும் கொடையாளர் வரத்து குறைந்துவிடும் என்பதையும் நினைத்தால், தேவையில்லாமல் ஒதுக்காத அறுவை மருத்துவர்மீது எனக்குத் தனி மரியாதை வருகிறது.

அறுவை நாளன்று நடந்தவற்றை மருத்துவர் எழுதிய அறுவைக் குறிப்பின் நகலிலிருந்தும், அவரிடமும் மயக்கவியல் நிபுணரிடமும் கேட்டதிலிருந்தும் சொல்கிறேன். அறுவை மருத்துவர் ஹொக்கியன் வாடையடிக்கும் மலாயில் பொறுமையாகப் பேசுபவர். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை 15 பாகை அளவுக்கு உயர்த்தியிருக்கிறார்கள். கழுத்துச் சிரைகளில் இரத்தம் தேங்காமல் இதயத்துக்கு வடிய, செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் பெரிதும் உதவும். மிகையாக உயர்த்தினால் அறுபட்ட சிரை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும் ஆபத்து உண்டு என்பதால் அதற்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். தோலைக் கீறும் முன் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த மருந்தைத் தோலடியில் செலுத்தி, இரத்தக் குழாய்கள் சுருங்கச் சில நிமிடம் காத்திருந்திருக்கிறார்கள். காத்திருப்பதுதான் முக்கியம், ஊசி போட்ட கையோடு கத்தியை எடுத்தால் மருந்து போட்டும் பயனில்லை.

இரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தி அறுவை செய்யும் முறை ஒன்று உண்டு. மூக்கு உள்நோக்கி அறுவையிலும் தாடை எலும்பு அறுவையிலும் சராசரித் தமனி அழுத்தத்தை, அதாவது மேல் கீழ் எண்களுக்கு இடைப்பட்ட சராசரியை, 60, 65 என்று இறக்கி வைப்பார்கள். களம் வறண்டு தெளிவாக இருக்கும். அக்காவுக்கு அதைச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன். பல ஆண்டு இரத்த அழுத்தம் உள்ளவரின் மூளை உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போயிருக்கும், இளைஞர் தாங்கும் தாழ்வை அது தாங்காது. 30 மில்லிலிட்டரை மிச்சப்படுத்தப்போய்ப் பக்கவாதத்தை விலைக்கு வாங்க மாட்டேன் என்றார் அந்த அம்மையார். வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கவிடவில்லை. ஒரு உத்தியை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்தவரிடம் நோயாளியைத் துணிந்து ஒப்படைக்கலாம்.

கீறலுக்கு முன் சிரை வழியாக 1 கிராம் டிரனெக்சாமிக் அமிலம் கொடுத்தார்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த ஷோசுகே ஒக்காமொட்டோ, உத்தாகோ ஒக்காமொட்டோ என்னும் கணவன் மனைவி, ஆண்டு 1962. பிரசவத்தில் இரத்தப்பெருக்கால் தாய்மார் இறப்பதைத் தடுப்பதே அவர்களின் நோக்கம். இந்த மருந்து இரத்தத்தை உறைய வைப்பதில்லை. உடல் தானாகப் பின்னிய உறைவு வலையை உடலே அரித்துக் கரைப்பதைத் தடுக்கிறது. விபத்தில் அடிபட்டோருக்கு இது உயிர் காக்கும் என்பதை 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. இதயமல்லாத மற்ற அறுவைகளில் 9,535 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், பெரிய இரத்தக்கசிவு 11.7 விழுக்காட்டிலிருந்து 9.1 விழுக்காடாகக் குறைந்தது. தைராய்டு அறுவையில் இழப்பே குறைவு என்பதால் பலனும் சிறியதுதான் என்று மருத்துவரே ஒப்புக்கொண்டார்.

சுரப்பியை எடுக்கும்போது நொடிக்கு 55,500 முறை அதிரும் மீயொலிக் கத்தரியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் அலகு அதிர்ந்து உண்டாக்கும் வெப்பம் இரத்தக் குழாயின் சுவர்களை ஒட்டவைத்து, அதே வேளையில் அறுக்கிறது. பாஸ்டனில் ஹார்வி குஷிங், வில்லியம் போவியின் மின்கருவியை 1926இல் அறுவைக் கூடத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கிய வழியில் இது ஒரு புதிய நிலை. நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அலகு சூடாகவே இருக்கும். குரல் நரம்பின் அருகே கொண்டுபோனால் நரம்பு வெந்துவிடும். அந்த இடத்தில் மருத்துவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, பழைய முறைப்படி நூலால் கட்டியிருக்கிறார். குறிப்பில் அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உடல் வெப்பத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நம் நாட்டு அறுவைக் கூடங்களின் குளிர்சாதனத்தில் நோயாளியின் உடல் ஒரு பாகை குளிர்ந்தாலும் தட்டணுக்கள் சோம்பி, இரத்தப்போக்கு கூடும். வெப்பக் காற்றுப் போர்வையால் 36 பாகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

முடிக்கும் முன், அடங்கிக் கிடக்கும் சிரை ஏதேனும் பிறகு வாய் திறக்குமா என்று பார்க்க, நுரையீரலுக்குள் சில நொடி அழுத்தம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு சிறு சிரை கசிந்தது, கட்டினார்கள். மொத்த இழப்பு 60 மில்லிலிட்டர் என்று குறிப்பில் இருந்தது. கண்ணால் மதிப்பிட்டதா, அளந்ததா என்று கேட்டேன். பஞ்சுத் துணிகளை எடைபோட்டு, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டு, உறிஞ்சு குப்பியிலிருந்து கழுவிய நீரைக் கழித்துச் சொன்ன எண் அது. கண் மதிப்பீடு எவ்வளவு ஏமாற்றும் என்பதை அறிந்தவன் என்ற முறையில், இதைச் செய்யும் கூடத்தை நான் நம்புகிறேன்.

இரண்டாவது குறை அன்றிரவு நடந்தது. தைராய்டு அறுவைக்குப் பின் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குக் கழுத்துக்குள் இரத்தம் கட்டும். அதில் ஏறத்தாழப் பாதி முதல் 6 மணி நேரத்திலும், பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள்ளும் நடக்கும். கட்டிய இரத்தம் சிரைகளை நெருக்க, குரல்வளை வீங்கி, மூச்சு அடைத்துவிடும். அப்போது அறுவைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக நேரமிருக்காது. கட்டிலிலேயே தையலைப் பிரித்து, தோலையும் தசையையும் திறந்து, இரத்தக்கட்டை வெளியேற்ற வேண்டும். பிரிட்டனின் மருத்துவச் சங்கங்கள் மூன்று சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் படிப்படியாகச் சொல்கிறது. அதற்குரிய கருவித் தட்டு நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. வடிகுழாய் வைத்தால் போதுமே என்று எண்ணுவோர் உண்டு. வடிகுழாய் இந்த இரத்தக்கட்டைத் தடுப்பதில்லை, அக்காவுக்கு வைக்கவும் இல்லை.

மாலையில் தட்டு இருந்தது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அக்கா படுத்திருக்க, தாதியர் அரை மணிக்கு ஒருமுறை கழுத்தைத் தொட்டுப் பார்த்து, பேசச் சொல்லிக் குரலைக் கேட்டார்கள். இரவு வேலைமுறை மாறியதும் தள்ளுவண்டியோடு தட்டும் போய்விட்டது. புதிதாக வந்த இளம் தாதியிடம் கேட்டபோது, "எந்தத் தட்டு அங்கிள்?" என்றார். அவருக்கு அது எதற்கென்றே யாரும் சொல்லித்தரவில்லை. மூத்த தாதி ஒருவர் ஓடிவந்து வேறொரு வார்டிலிருந்து கொண்டுவந்து வைக்க ஏறக்குறைய இருபது நிமிடமாயிற்று. அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கூடத்துக்குள் இவ்வளவு நுணுக்கமாகச் சேமித்த இரத்தத்தை வார்டில் கவனக்குறைவுக்குப் பறிகொடுப்பதற்கா இத்தனை ஏற்பாடு?

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 21,640 ரிங்கிட். மருத்துவர்களின் கட்டணத்துக்குத் தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் பதின்மூன்றாம் அட்டவணையில் உச்சவரம்பு உண்டு, அதை மீறவில்லை. வரம்பில்லாதவை மருத்துவமனையின் பொருள்களும் கருவிகளும். மீயொலிக் கத்தரிக்கு 2,480 ரிங்கிட், டிரனெக்சாமிக் அமிலத்துக்கு 36 ரிங்கிட். தள்ளிவைத்த முதல் நாளுக்கு அறை வாடகையை விட்டுக்கொடுத்தார்கள். பரிசோதனைக்கும் மற்றவற்றுக்குமாக 742 ரிங்கிட்டை விடவில்லை. தங்கள் மேசையில் நடந்த தவறுக்கு எங்களிடம் விலை வாங்கியது நியாயமில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

இதே அறுவையை அரசாங்க மருத்துவமனையில் இதே திறமையோடு, மிகச் சொற்பச் செலவில் செய்கிறார்கள்; காத்திருப்புப் பட்டியல்தான் நீளம். மூச்சு முட்டும் கழலையைக் காக்கவைக்க எங்களுக்கு மனமில்லை. வாய்ப் புற்றுநோய்க்குத் தாடையை எடுத்து, கழுத்து நிணக்கணுக்களை அகற்றி, காலிலிருந்து சதையெடுத்து ஒட்டும் பல மணி நேர அறுவையாக இருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். இரத்தம் பைபையாகத் தேவைப்படக்கூடிய அத்தகைய அறுவைக்கு, இரத்த வங்கி அதே வளாகத்தில் இயங்கும் பெரிய அரசாங்க மருத்துவமனைதான் என் தேர்வு. தைராய்டு, துணைத் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவற்றுக்கு இந்த அறுவை மருத்துவரையும் இந்த மயக்கவியல் நிபுணரையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருவரும் சேர்ந்து இருக்கும் நாளைக் கேட்டு, காலையில் முதல் அறுவையாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஆபத்தான முதல் 6 மணி நேரம் அப்போதுதான் வார்டில் ஆள் நிறைந்த பகலில் கழியும்.

அக்காவின் குரல் மாறவில்லை. தழும்பு கழுத்து மடிப்போடு மறைந்துவருகிறது. அதே மருத்துவமனைக்குப் போக நினைப்பவர்கள் வீட்டு மைலோ டின்னை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். மயக்கவியல் ஆலோசனை அறை இரண்டாம் மாடியில், மருந்தகத்துக்கு எதிரே இருக்கிறது. அறுவைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே அங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டால் நேரம் தருகிறார்கள். கேட்காவிட்டால் முந்தைய நாள் மாலைதான்.